வெட்கத்தின் மேல் பழி போடாதீர்கள்

"எங்கட ஆம்பிளையளுக்கு வெட்கம். அதுதான் வருத்தம் முத்தின பிறகு வருகினம்." முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயைப் பற்றி மன்னாரில் பேச்செடுத்தால் படித்தவர்கள் சொல்லும் தீர்ப்பு இது. இந்தத் தீர்ப்பு அநியாயமானது.

வெட்கமும் அறியாமையுமே காரணமென்றால், அதே ஆண்கள் சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் மாதந்தோறும் கிளினிக் கொப்பியோடு விடியவே வரிசையில் நிற்பது எப்படி? ஆஸ்பத்திரிப் படி அவர்களுக்குப் புதிதல்ல.

இந்தப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. முள்ளந்தண்டுக்குப் பரவிய பிறகு நாரி நோவாக வரும். பேசாலையில் நாற்பது வருடம் வலை இழுத்தவர் அந்த நோவுக்கு வலையைத்தானே குற்றம் சொல்வார்?

இடப்பெயர்வையும் கணக்கில் எடுங்கள். 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம்கள் விரட்டப்பட்டுப் புத்தளம் போனார்கள். போருக்கு அஞ்சித் தலைமன்னார்க் கடலைத் தாண்டிய தமிழர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். பல வருடம் கழித்து ஊர் திரும்பியவரின் பழைய வருத்தங்கள் இங்கே எந்தக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கின்றன?

எல்லாவற்றிலும் கொடியது மொழி. மேல் சிகிச்சைக்கென்று சுமார் 300 கிலோமீற்றர் தள்ளி மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சிங்களம் தெரிந்த மகனைக் கூட்டிப் போகிறார். ஹோர்மோனைக் குறைக்கும் ஊசியால் தாம்பத்திய ஆசை மங்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சலம் அடங்காமல் போகலாம். இவற்றை எந்தத் தகப்பன் மகனின் வாயால் கேட்பான்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு டொக்டர் முன்னால் தலைகுனியும் மன்னார்க்காரருக்கும் இதே கதிதான். அவர் பேசாதிருப்பது பிள்ளையின் மேல் வைத்த மரியாதையால். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நோயாளியும் டொக்டரும் பேசும் அறைக்குள் அது இன்னும் நுழைய வேண்டியிருக்கிறது.

வெட்கமே இல்லையென்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லிக் கைகழுவுவதைத்தான் கண்டிக்கிறேன். டொக்டர்மாரே, நாரி நோவோடு வரும் அறுபது வயதுக்காரரிடம் சலம் போவதைப் பற்றியும் கேளுங்கள். குடும்பத்தைச் சேராத, தமிழ் தெரிந்த ஓர் ஆணை மொழிபெயர்க்க இருத்துங்கள். பிள்ளையை வெளியே நிற்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் வாய் திறக்காவிட்டால், அப்போது சொல்லுங்கள் வெட்கமென்று.