2 கிலோமீட்டர் யார் கணக்கில்?

விஜயவாடாவில் மாமா வீட்டில் இருந்த ஆச்சி, போன மாதம் ஊருக்குக் கிளம்பினாங்க. வயசு 74. இரண்டு முழங்காலும் மக்கர். மதியம் சென்ட்ரலில் இறங்கி, ராத்திரி எழும்பூரில் திருநெல்வேலி வண்டியைப் பிடிக்கணும். நடுவில் கூட்டிப்போகும் வேலை எனக்கு.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் கேட்டது 250 ரூபாய். ஆச்சி வந்த ரயில் டிக்கெட்டே அதைவிடக் குறைவு!

"ஏல, விஜயவாடாவுல இருந்து கொண்டாந்து விட்டதுக்கே இவ்வளவு குடுக்கலியே, இந்தா இருக்க எழும்பூருக்கா?" என்றாங்க ஆச்சி.

பி.காம். படிக்கிற எனக்கு அந்தக் கேள்வி தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. நானூறு கிலோமீட்டருக்கும் மேலே கொண்டுவந்து விட்ட ரயில்வே, கடைசி 2 கிலோமீட்டரில் கையைக் கழுவிவிடுகிறது. அந்தச் செலவு ரயில்வேயின் எந்தப் பேரேட்டிலும் வராது. ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து போகும், அவ்வளவுதான்.

உடனே ஆட்டோக்காரரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். மூட்டையோடும் முழங்கால் வலியோடும் ஒருவரை நடுரோட்டில் நிற்கவைத்துவிட்டு, அங்கே நியாய விலை மட்டும் நடக்கும் என்று நம்புவது நம் தப்பு. வாங்குபவருக்கு வேறு வழி இல்லை என்றால் விலை ஏறும். முதல் வருஷப் பொருளாதாரப் பாடம் இது.

ஏன் இரண்டு நிலையம்? சென்ட்ரல் 1873-இல் திறந்தது, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியுடையது. எழும்பூர் 1908-இல் திறந்தது, தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. வேறு வேறு முதலாளிகள். அங்கே பிராட் கேஜ், இங்கே மீட்டர் கேஜ். அன்றைக்கு அது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1951-இல் எல்லாம் தெற்கு ரயில்வே என்று ஒன்றாகிவிட்டது. கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004-இல் நின்றுபோனது. முதலாளியும் ஒன்று, கேஜும் ஒன்று. பயணி மட்டும் இன்னும் இரண்டு கம்பெனிக்கு நடுவில் மூட்டை தூக்குகிறார்.

"அதான் மெட்ரோ இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. 2018 மே மாதம் சென்ட்ரல் வரை திறந்தார்கள். எழும்பூர் அடுத்த ஸ்டேஷன். லிஃப்ட் உண்டு, கட்டணமும் குறைவு. நாங்களும் கடைசியில் அதில்தான் போனோம். நல்ல விஷயத்தை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிளாட்பாரத்திலிருந்து வெளியே வந்து, வழி விசாரித்து, லிஃப்ட் தேடி, பெட்டியை ஸ்கேனரில் தூக்கிவைத்து, டிக்கெட் எடுத்து, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, எழும்பூரில் திரும்பவும் ஒரு ஸ்கேனர்... எனக்கு இது சாதாரணம். தனியாக வரும் 74 வயசுக்காரருக்கு? விடியுமுன்னே வந்து இறங்குகிறவருக்கு மெட்ரோவே ஓடாது.

எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினாலும் எழும்பூர் அடுத்த நிறுத்தம்தான். அதுவும் மலிவு. ஆனால் சாலையைக் கடந்துபோய், சில நொடிகளே நிற்கும் வண்டியில் நெரிசலுக்குள் ஏறணும். கைத்தடிக்காரர்கள் முயற்சி செய்து பார்க்கட்டுமா?

லண்டனில் ஒரு பழக்கம் உண்டு. நகரத்தின் ஒரு பக்க நிலையத்தில் இறங்கி, மறுபக்க நிலையத்தில் வேறு ரயில் ஏறி, லண்டனைக் கடந்து போகிறவர்கள் வாங்கும் முழுப்பயண டிக்கெட்டிலேயே நடுவில் உள்ள பாதாள ரயில் பயணமும் அடங்கும். அங்கேயும் எல்லா பாதாள நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவழியும் பயணத்தின் பாகம் என்று டிக்கெட்டிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, சென்ட்ரலில் இறங்கி அதே நாளில் எழும்பூரில் ஏறுகிறவருக்கு (எதிர்த்திசையிலும்தான்) ரயில் டிக்கெட்டே மெட்ரோ டிக்கெட்டாகச் செல்லட்டும். சென்னை மெட்ரோ மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம். இரண்டு அரசு அலுவலகங்கள் கணக்குத் தீர்த்துக்கொள்வது அப்படி என்ன ராக்கெட் சயின்ஸா?

இரண்டு, நிலையத்துக்குள் ஓடும் பேட்டரி காரும் சக்கர நாற்காலியும் வாசலோடு நிற்கக் கூடாது. முன்பதிவு செய்யும்போதே 'உதவி வேண்டும்' என்று குறித்தால், ஒரு பிளாட்பாரத்திலிருந்து அடுத்த பிளாட்பாரம் வரை கைமாற்றி ஒப்படைக்க வேண்டும்.

மூன்று, மெட்ரோ தூங்கும் நேரத்தில் இரண்டு நிலையத்துக்கும் நடுவே ஒரு தாழ்தளப் பேருந்து. 2024-இல் அப்படிப்பட்ட பேருந்துகள் சென்னைக்குத் திரும்ப வந்தனவே, அதில் ஒன்றைத் தரலாம்.

காசு எங்கே என்று கேட்காதீர்கள். 2022 மே மாதம் எழும்பூர் உட்பட ஐந்து நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். கோடிகளில் செலவு. கட்டடம் பளபளக்கட்டும், சந்தோஷம். ஆனால் ஒரு நிலையத்தின் வாசலிலிருந்து இன்னொன்றின் வாசலுக்கு ஒரு வயசானவர் தனியாகப் போக முடியவில்லை என்றால் அந்தப் பளபளப்பு யாருக்கு? அதே முதியவர்களின் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழும்பூரில் உட்கார்ந்ததும் ஆச்சி சொன்னது: "அடுத்த தடவ வரும்போதும் நீ வரணும்ல. ஒத்தையில என்னால ஆவாது."

ரயிலில் நானூறு கிலோமீட்டருக்கு மேலே தனியாக வந்தவங்க அவங்க. இந்த இரண்டு கிலோமீட்டருக்குப் பேரன் தேவைப்படுகிறது. பேரன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?