கொப்பியின் இடது ஓரம்

மாலைதீவுக்கு ஆசிரியையாகப் போக, மூன்று வாரத்துக்கு முன்பு பொகவந்தலாவையில் விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிட்ட தோட்டத்துப் பிள்ளை, அங்கே வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டாள். வியாழன் இரவு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நாலைந்து தரம் கேட்டுவிட்டேன். அங்கே பள்ளிக்கூடங்களில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் நம் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் போகிறார்கள். எத்தனை வருஷ ஒப்பந்தம், என்ன சம்பளம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் நேர்முகத்தில் ஒருவர் அவளிடம் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. "வீட்டில யாராவது இங்கிலீஷ் பேசுவாங்களா?" தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மொழி எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது.

இங்கிலீஷ் எங்கள் வாசலுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. லயமே 'லைன்'தான். காலையில் கூடி நிற்கும் பெரட்டு, 'பரேட்'. அன்றைய வேலைக்குப் பேர் விழும் செக்ரோல், கொழுந்து போய்ச் சேரும் ஸ்டோர், எல்லாம் வெள்ளைக்காரத் துரையோடு வந்த சொற்கள். கூப்பிட, நிறுக்க, எண்ண, பேர் வெட்ட என்று வேலை வாங்கும் இங்கிலீஷ்தான் மலையேறி வந்தது. ஒரு குழந்தையிடம் உன் பெயர் என்ன என்று கேட்கும் இங்கிலீஷ் வரவில்லை.

அந்த மொழியையே கையில் எடுத்து எங்கள் பாட்டை எழுதியவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை. 1914இல் மடகொம்பரையில் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த சனத்தை நாடற்றவர்களாக்கியது. அதன் பிறகு வந்தது அவருடைய ஆங்கிலக் கவிதை 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்'. சக்தி பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதட்டுவதற்கென்று வந்த மொழியில் கொழுந்து எடுக்கிறவள் மரியாதையோடு நிற்கிறாள்.  

மாலைதீவுக்குப் போனவளை வழியனுப்ப வந்த அன்றைக்கு அவளுடைய அம்மாவுக்குச் செக்ரோலில் பேர் இல்லை, அன்றைய கூலி இல்லை. பஸ் வளைவு திரும்பும்வரை கொங்காணியைக்கூடத் தலையில் போடாமல் மழையில் நின்றார்.

அந்தக் குரல் பதிவில் அவள் சொன்னது இது. "சார், பிள்ளைங்க கொப்பிய பின்பக்கமாத் தொறக்குதுங்க." மாலைதீவு மொழியான திவேகியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். "அதனால ஒவ்வொரு கொப்பியிலயும் இடது ஓரத்துல ஒரு கொழுந்து வரைஞ்சு குடுத்தேன் சார், ரெண்டு எலையும் ஒரு மொட்டும். இங்கேருந்து தொடங்கணும்னு. அது என்னா எலைன்னு கேட்டுச்சுங்க. அன்னைக்குப் பாடமே அதுதான். எங்கம்மா எப்பிடி கிள்ளுவாங்கன்னு இங்கிலீஷ்லயே சொன்னேன். எல்லாம் வெரல மடக்கி மடக்கிக் கிள்ளிப் பாத்துச்சுங்க."