துப்பாக்கி கிடைத்தது, சரி; யாருடையது?

"துப்பாக்கியோடு பிடிச்சாங்க, கோர்ட்டுல தண்டனையும் கொடுத்தாங்க, அப்பீல்ல வெளியே வந்துட்டான்." டீக்கடையில் இப்படி ஒருவர் ஆரம்பித்தால், அடுத்த வரியை மற்றவர்களே முடித்துவிடுவார்கள்: "சட்டத்துல ஓட்டை."

ஓட்டை சட்டத்தில் இல்லை, வழக்கில்.

வீட்டில் துப்பாக்கி இருந்தது என்பதும், அவன் துப்பாக்கி வைத்திருந்தான் என்பதும் தமிழிலேயே இரண்டு வேறு வாக்கியங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தண்டிப்பது இரண்டாவதை. வைத்திருந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அது அவன் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும் என்று குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. இது குற்றவாளிக்குச் செல்லம் கொடுக்கும் தீர்ப்பு அல்ல. துப்பாக்கி இன்னொருவன் கையில் இருந்தாலும், அதன் மேல் அதிகாரம் உள்ளவன் மாட்டுவான் என்பதும் அதே தீர்ப்புதான். ஆனால் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டின் பரணில் ஒரு பொட்டலம் கிடைத்தால், ஐவரில் யார் என்பதைக் காவல்துறைதான் காட்ட வேண்டும். விமான நிலைய சோதனையில் பைக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்ட வழக்குகள் பலவற்றை டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், அது பையில் கிடப்பது பயணிக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லாததால்தான்.

இனி, கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் பதிவு செய்யும் மகஜரைப் பார்ப்போம். நாட்டுத் துப்பாக்கி ஒன்று கைப்பற்றப்படுகிறது. அதைத் துணியில் சுற்றித் தைத்து, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த முத்திரை உடையாமல் பொட்டலம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முத்திரையே இல்லையென்றால், நிபுணர் சுட்டுப் பார்த்த துப்பாக்கியும் பரணில் கிடைத்த துப்பாக்கியும் ஒன்றுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மகஜர் சாட்சியோ கூண்டில் ஏறி, "ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்" என்கிறார். பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டு அரசுத் தரப்பு அடுத்தவரை அழைக்கிறது. இவ்வளவையும் விசாரணை நீதிமன்றம் தாண்டிப் போயிருந்தால், மேல்முறையீட்டு நீதிபதி ஒவ்வொரு சாட்சியத்தையும் மறுபடி எடுத்து எடைபோடலாம். அது அவர் காட்டும் சலுகை அல்ல, அவர் வேலை.

ஆயுதச் சட்டத்தின் 39ஆவது பிரிவு இன்னொன்று. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். அந்த ஒரு தாளை வாங்காமல் வழக்கு நடத்திவிட்டு, "டெக்னிக்கல் காரணத்தில் தப்பிவிட்டான்" என்று புலம்புவதில் என்ன நியாயம்?

அப்பீல் போனாலே விடுதலை என்பதும் கட்டுக்கதைதான். சஞ்சய் தத் நாடறிந்த நடிகர், வசதிக்கும் குறைவில்லை. ஆயுதச் சட்டத்தில் அவருக்கு 2007இல் விதிக்கப்பட்டது ஆறு ஆண்டு. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாகக் குறைத்தது; குற்றத் தீர்ப்பை அசைக்கவில்லை. ஆதாரம் நின்றது, அவர் எரவாடா சிறைக்குப் போனார்.

2019 திருத்தத்துக்குப் பின், உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் அப்பீலில் ஒருவன் விடுதலையானால் டீக்கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: பொட்டலத்துக்கு அரக்கு வைத்தார்களா? கைரேகை எடுத்தார்களா? பரண் இருந்த அறையில் யார் படுத்திருந்தார்கள் என்றாவது விசாரித்தார்களா?