கொட்டாங்குச்சியிலும் மின்சாரம்

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, சுரங்கத்துக்காக. தங்கத்தை வெட்டியவர்கள் நம் பாட்டன்மார்; இலாபத்தை எண்ணியது இலண்டன். 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. இன்று ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளைகள் விடியுமுன் பெங்களூர் இரயிலைப் பிடிக்கிறார்கள்.

நாம் குப்பையில் எறியும் கொட்டாங்குச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதில் மின்சாரம் பாயாது. காற்றுப் படாமல் கரியாக்கி, 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றினால், கரியணுக்கள் அறுகோண வலைபோல் இணைந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். சூட்டோடு நீராவி செலுத்தினால் நுண்துளைகள் திறக்கும். ஒரே கிராமில் 1000 சதுர மீட்டர் பரப்புக்கூடக் கிடைக்கும்! அந்தத் துளைச் சுவர்களில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மீமின்தேக்கிகள் இன்று பேருந்துகளிலும் பயன்படுகின்றன. 1880-இல் எடிசன் விளக்கெரித்ததும் மூங்கில் கரி இழையில்தானே?

கரியைச் சுடுபவனுக்குக் கூலிதான். அதன் குணம் அறிந்தவனுக்கே தொழில். தங்கத்தில் நாம் ஏமாந்தது போதும். நம் சங்கம் ஞாயிறுதோறும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழில் இயற்பியல், வேதியியல் வகுப்பு நடத்தட்டும். ஊரில் படித்தவர்களுக்கா பஞ்சம்? முன்வாருங்கள்!