லயத்துலயே ஓடும் சர்வர்

வெப் அப்ளிகேஷன் பழக முதல்ல ஹோஸ்டிங் வாங்கு, டொமைன் வாங்கு என்று நாங்க பார்த்த சில டவுன் வகுப்புகளில் சொல்லி அனுப்புறாங்க. பசறை, ஹாலிஎல பக்கத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடிச்சு வர்ற பிள்ளைங்க பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளமே 2021லதான் வந்தது, அதுவும் பல வருசப் போராட்டத்துக்குப் பிறகு. அந்த வீட்டில் டொலர் பில் பற்றி யார் பேசுவது?

பழகுற காலத்துக்கு ஹோஸ்டிங் தேவையே இல்லை என்பதுதான் எங்கள் கட்சி. பிஎச்பிக்குள் 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே ஒரு சின்ன சர்வர் இருக்கு. ஜாங்கோவில் ரன்சர்வர் என்று ஒரு கட்டளை. அடிச்சா போதும், பிரவுசரில் 127.0.0.1 என்ற முகவரியில் உங்க பக்கம் வரும். அந்த எண்ணுக்கு அர்த்தமே 'இந்த மெஷின்தான்' என்பது. டேட்டா ஒரு எம்பி கூடப் போகாது. கோடை மாத்திச் சேவ் பண்ணினா ஜாங்கோ தானே சர்வரைத் திரும்ப ஓட்டிக்கொள்ளும். தரவுக்கு எஸ்க்யூலைட் என்ற ஒற்றை ஃபைல் போதும். மழையில் கரண்ட் போனாலும் லெப்டொப்பில் பற்றரி இருக்கிற வரைக்கும் வேலை நடக்கும்.

தேவையானதை ஒருமுறை டவுனுக்குப் போய் டவுன்லோட் பண்ணிக்கொண்டு வந்தால் சரி. பூட்ஸ்ட்ராப், தமிழ் எழுத்துரு எல்லாத்தையும் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்க; இணைய லிங்க்கை நம்பினால் லயத்தில் பக்கம் வெறும் எலும்பாத்தான் தெரியும்.

எதைக் கட்டுறது? எல்லாரும் கட்டுற ஷொப்பிங் தளத்தை விடுங்க. அம்மா இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிச்சாங்க, ஈரம், சாக்கு என்று எவ்வளவு கழிச்சாங்க, சம்பளச் சீட்டில் எவ்வளவு வந்திருக்கு: இந்த மூணையும் பதியும் ஒரு பக்கம். மாசக் கடைசியில் கணக்கு பிசகினால் கையில் ஆதாரம் இருக்கும். வெளியே யாரும் பார்க்கவும் தேவையில்லை.

போனில் பதியணும்னா, போனின் ஹொட்ஸ்பொட்டில் லெப்டொப்பை இணைத்து, சர்வரை 0.0.0.0இல் ஓட்டுங்க. ஜாங்கோ என்றால், அனுமதித்த முகவரிகளின் பட்டியலில் லெப்டொப்பின் முகவரியையும் சேர்க்கணும். போனில் டேட்டா ஓஃப் பண்ணியே வைக்கலாம்.

ஆனால் இதே சர்வரை வெளியுலகத்துக்குத் திறந்து விடக் கூடாது. பாதுகாப்புச் சோதனை செய்யப்பட்டதல்ல, அந்த வேலைக்குப் பாவிக்க வேண்டாம் என்று ஜாங்கோ கையேடே சொல்கிறது. பிஎச்பி சர்வர் வழக்கமா ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும், மற்றது வரிசையில் நிற்கும். ஃப்ளாஸ்க்கின் டிபக் பக்கத்திலிருந்து உங்க மெஷினிலேயே கட்டளை ஓட்ட முடியும். அதற்கு ஒரு பின் நம்பர்தான் பூட்டு. பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும்போது 127.0.0.1ஐ மாத்தவே மாத்தாதீங்க.