இலண்டனில் அரிது, மதுரையில் அன்றாடம்

நெல் உமியோ இலை நுனியோ கண்ணைக் கீறினால், கருவிழியில் பங்கசு தொற்றிப் புண் உண்டாகலாம். பிரித்தானியாவில் அரிதான இந்நோய், வெப்ப நாடுகளில் வயலில் உழைப்போரின் பார்வையைப் பறித்து வருகின்றது.

மருத்துவ அறிவு மேற்கிலிருந்தே கிழக்கே செல்லும் என்று நம்மவர் பலரும் எண்ணுகின்றோம். இந்நோயில் உண்மை வேறு. நோயாளர் எங்கு மிகுதியோ, அனுபவமும் அங்கேதான் திரளும். 1976இல் வைத்தியர் வெங்கடசாமி மதுரையில் 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 2010 முதல் அமெரிக்க ஆய்வாளருடன் இணைந்து 323 நோயாளரிடம் இரு துளிமருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தது. 2013இல் முடிவு வெளியாயிற்று: விலையுயர்ந்த வொரிகொனசோலிலும் பழைய நட்டமைசினே மேலானது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நட்டமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதில் எமக்கும் ஒரு படிப்பினை உண்டு. இங்குள்ள வைத்தியர் இந்நோயை அரிதாகவே காண்பதால், உடனே ஐயுறாது விடக்கூடும். தாயகம் சென்று திரும்பியவரின் கண் சிவந்து நொந்தால், எங்கு, எதனால் கீறுண்டது என்பதை அவரே எடுத்துரைக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்ரெரொயிட் துளிமருந்தைத் தாமாகவே இடுதல் ஆகாது. அது பங்கசை வளர்த்துவிடும். இங்கிலாந்தில் வைத்தியசாலை அவசரப் பிரிவுச் சிகிச்சை, அகதி விண்ணப்பம் முடிவாகாதோருக்கும் இலவசமே. தயக்கத்தால் ஒரு கண்ணை இழத்தல் நியாயமா?