லயத்தைப் புதுப்பித்தலும் காணியுரிமை மறுத்தலும்

மலையகத் தோட்டங்களின் குடியிருப்புப் பிரச்சினை பேசப்படும் போதெல்லாம் ஒரு யோசனை தவறாது முன்வைக்கப்படுகின்றது. லயத்தை இடிக்க வேண்டியதில்லை. தகரத்தை மாற்றி, தரைக்குச் சீமெந்து பூசி, இஸ்தோப்பை அடைத்து அறையாக்கி, ஒரு சமையற்கட்டையும் சேர்த்துவிட்டால் அதுவே இக்காலக் குடும்பமொன்றுக்குப் போதிய வீடாகிவிடும் என்பதே அது. சிக்கனம், விரைவு, பழைமை பேணல் என்னும் மூன்றும் இதற்கு நியாயங்களாகக் காட்டப்படுகின்றன. நல்லெண்ணத்தோடு இவ்வாறு கூறுவோரும் உளர். ஆயினும், இக்கூற்று எதை மறைக்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

லயம் குடும்பத்துக்கெனக் கட்டப்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர், பருவத்துக்கு வந்து மீளும் ஆண்கள். அவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, விடியற் பெரட்டுக்கு ஒருசேர எழுப்புவதற்கேற்ற கட்டடமே லயம். 1869 இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டிற்று. கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகளையும் வேண்டிற்று. குடும்பங்கள் நிலையாகக் குடியேறின. உழைப்பின் தன்மை மாறிற்று. உறைவிடத்தின் தன்மை மாறவில்லை.

ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பு: இதுவே ஒரு குடும்பத்தின் பங்கு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்திற் பின்சுவர் அயலவரின் சுவருமாகும். அதில் யன்னல் வைக்க வழியில்லை; அடுப்புப் புகை முன்வாசலாலேயே வெளியேற வேண்டும். ஒரு காம்பராவிற் பற்றிய தீ, பொதுக் கூரை வழியே வரிசை முழுவதையும் அழிப்பதும் இவ்வமைப்பினாலேயே. மணமான மகனும் மருமகளும், பரீட்சைக்குப் படிக்கும் மகளும், நோயுற்ற முதியவரும் ஒரே அறையிற் படுத்தெழும் நிலையை எந்தச் சீமெந்துப் பூச்சு மாற்றப்போகின்றது?

உண்மையில், லயத்தைப் புதுப்பிக்கும் கலை அங்கு வாழ்வோருக்குப் புதியதன்று. பலகையால் அறையைப் பிரித்தும், கூரையின் கீழே பரண் அமைத்தும், வாசலிற் சமையற்கட்டைச் சார்த்தியும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதனைச் செய்தே வருகின்றனர். ஆனால் அவர்கள் அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் பிறர் காணியில் அடிக்கப்படும் ஆணியாகும். கட்டுவதற்கு நிருவாகத்தின் அனுமதி வேண்டும். கட்டியதை விற்கவோ, ஈடுவைத்துக் கடன் பெறவோ உரிமையில்லை. குறைபாடு சுவரில் அன்று, உறவில் உள்ளது.

இதனை உணர அதே மலையின் உச்சியிலுள்ள பங்களாவை நோக்கினாற் போதும். லயத்துக்கு ஒத்த வயதுடைய துரைமார் பங்களாக்கள் பல இன்று புதுப்பிக்கப்பட்டு உல்லாசப் பயணிகள் விடுதிகளாக விளங்குகின்றன. அங்கு புதுப்பித்தல் செல்வத்தைப் பெருக்குகின்றது. லயத்திலோ அது பழைய அடிமைத்தனத்தின் ஆயுளையே நீட்டுகின்றது.

லயம் அமைந்த இடமும் கவனத்துக்குரியது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அங்கு அபாயம் உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. சரிவிலுள்ள லயத்துக்குப் புதுத்தகரம் போடுவது வீடமைப்பாகாது.

சிக்கனமும் விரைவும் பேசுவோர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இந்திய உதவியுடன் 4,000 தனிவீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடர்ந்து, மேலும் 10,000 வீடுகள் 2017 இல் அறிவிக்கப்பட்டன. தேவையோடு ஒப்பிடுகையில் இவை சிறுதொகையே. எனவே புதுவீடு கிடைக்கும்வரை ஒழுகும் கூரையைச் செப்பனிடத்தான் வேண்டும். ஆயின் செப்பனிடுதலைத் தீர்வெனப் பெயரிடுதல் ஆகாது. காணியுறுதி வழங்காது தனிவீட்டை மாத்திரம் வழங்குதலும் அவ்வாறே. அது லயத்தைத் துண்டுதுண்டாக்கி மலையிற் பரப்புவதேயன்றி வேறன்று. 7 பேர்ச்சஸ் காணியாயினும் அது சட்டப்படி சொந்தமாதல் வேண்டும்.

சட்டம் இம்மக்களை நீண்டகாலம் குடிகளாகவே கருதவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு அது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே கிட்டியது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், 2018 இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. வாக்குரிமை பெற்றும் வாசற்படியுரிமை பெறாத குடியுரிமை முழுமையானதாகுமா?

பழைமை பேணவேண்டும் என்போர்க்கும் விடையுண்டு. கம்பளைக்கு அருகே, பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் வரலாற்றுக்கான அரும்பொருட் காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது. லயம் பேணப்பட வேண்டிய முறை அதுவே. வருங்காலத்தவர் கண்டறிதற்காக லயங்கள் சில நிலைபெறட்டும். அவற்றுள் எவரும் குடியிருத்தல் வேண்டா.